பெயர் சொல்லி அளித்த வாக்கு

அமெரிக்க செனட் சபையில் இன்றும் மின்னணு வாக்குப்பதிவு கிடையாது. எழுத்தர் நூறு பேரின் பெயர்களையும் அகரவரிசையில் வாசிக்கிறார். பெயர் வந்ததும் உறுப்பினர் ஆதரவா எதிர்ப்பா என்று வாய்திறந்து சொல்கிறார், அல்லது எழுத்தருக்குத் தெரியும்படி கைகாட்டுகிறார். அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் யார் எப்படி வாக்களித்தார் என்பதைக் குறிப்பேட்டில் ஏற்றியே ஆக வேண்டும் என்று 1787இல் எழுதப்பட்ட அந்நாட்டு அரசியல் சாசனத்தின் முதல் பிரிவே விதிக்கிறது. முடிவு அறிவிக்கப்படும்வரை மனம் மாறலாம். அறிவித்த பிறகு அவை முழுவதும் ஒருமனதாக இசைந்தாலொழிய அந்த வாக்கை மாற்ற முடியாது.

அந்த வாக்கு உறுப்பினரின் சொந்த வாக்கு என்பதும் முக்கியம். நம் நாட்டில் 1985இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணை, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவரின் பதவியையே பறிக்கக்கூடியது. செனட்டில் கொறடா வற்புறுத்தலாம், பேரம் பேசலாம், அவ்வளவுதான். அதனால் ஒரு செனட்டரின் வாக்குப் பட்டியலைக் கட்சியின் மீது பழிபோட்டுக் கடந்துவிட முடிவதில்லை. அது அவருடைய பெயரில் நிற்கிறது.

அப்படி 18,689 முறை தன் பெயருக்குப் பதில் சொன்னவர் மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட். 1959 ஜனவரியில் செனட்டுக்குள் நுழைந்து, 2010 ஜூன் 28இல் தன் 92ஆம் வயதில் இறக்கும்வரை உறுப்பினராகவே இருந்தார். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் பிரதிநிதிகள் சபையில். ஒரு மனிதரின் பொதுவாழ்வை அவருடைய வாக்குகளின் வழியே முழுமையாக வாசிக்க முடியுமென்றால் அதற்கு இவரைவிடப் பொருத்தமான ஒருவர் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பட்டியலில் பெருமைக்குரியதும் மன்னிக்கக் கடினமானதும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. சட்டம் இயற்றும் ஒருவர் தன் பழைய வாக்குக்காக வருந்த முடியுமா, முடியுமென்றால் அந்த வருத்தத்தை நாம் எதை வைத்து நம்புவது என்ற கேள்விக்காகவே அவரைப் பற்றி எழுதுகிறேன்.

*

1917இல் வட கரோலினாவில் பிறந்தவர். அடுத்த ஆண்டு உலகை வாரிக்கொண்டுபோன இன்ஃப்ளூயன்சா அவருடைய தாயையும் கொண்டுபோனது. அத்தையும் மாமாவும் குழந்தையைத் தத்தெடுத்துத் தங்கள் பெயரைக் கொடுத்து, மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி ஊர்களில் வளர்த்தார்கள். மாமா சுரங்கத் தொழிலாளி. பையன் பள்ளியில் முதல் மாணவன், ஆனால் கல்லூரிக்குப் பணமில்லை. பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தார், இறைச்சிக் கடையில் வெட்டினார், போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளங்களில் வெல்டராக இருந்தார். நாடாளுமன்ற உறுப்பினரான பிறகு பத்தாண்டுகள் இரவு வகுப்புக்குப் போய்ச் சட்டம் படித்து 1963இல் பட்டம் பெற்றார். அந்தப் பட்டமளிப்பு விழாவுக்கு வந்து உரையாற்றியவர் ஜனாதிபதி கென்னடி.

இந்த வரலாற்றின் நடுவில் இன்னொன்றும் இருக்கிறது. 1940களின் தொடக்கத்தில் ராலே மாவட்டத்தின் கிராப் ஆர்ச்சர்டில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் கிளை ஒன்றுக்கு ஆள்சேர்த்தவர் அவர்தான். தன் நண்பர்கள், சக ஊழியர்கள் என்று சுமார் 150 பேரைத் திரட்டினார், அந்தக் கிளையின் தலைவராகவும் ஆனார். அந்த அமைப்பின் மேலாள் ஒருவர் அவருடைய தலைமைத் திறமையைப் பாராட்டி அரசியலுக்கு வரச் சொன்னதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சீக்கிரமே விலகிவிட்டேன் என்று 1952 தேர்தலில் சொன்னார். ஆனால் 1946இல் க்ளானின் தேசியத் தலைவருக்கு அவர் எழுதிய ஆதரவுக் கடிதம் வெளிவந்தது. ஒருவர் சொல்வதற்கும் அவருடைய கையெழுத்து சொல்வதற்கும் உள்ள இடைவெளி அவருடைய பொதுவாழ்வின் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டது.

1964 ஜூன் 9 மாலை அவர் செனட்டில் பேச எழுந்தார். சிவில் உரிமைச் சட்ட மசோதாவைத் தெற்கத்திய உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே முடக்கி வைத்திருந்தார்கள். ஃபிலிபஸ்டர் என்று அழைக்கப்படும் உத்தி அது. பேர்ட் மறுநாள் காலைவரை 14 மணி நேரம் 13 நிமிடம் பேசினார். அவர் உட்கார்ந்த பிறகு விவாதத்தை முடிக்கும் தீர்மானம் வாக்குக்கு வந்தது. மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் கொண்டுவரப்பட்டார். ஆங்கிலத்தில் ஆதரவுச் சொல்லும் கண்ணும் ஒரே ஒலி என்பதால், அவர் தன் கண்ணை விரலால் சுட்டிக்காட்டி ஆதரவைத் தெரிவித்தார். 71க்கு 29. சிவில் உரிமை மசோதா ஒன்றின் மீதான முடக்கம் வாக்கெடுப்பால் உடைந்தது செனட்டின் வரலாற்றில் அதுவே முதல்முறை. ஜூன் 19இல் மசோதா 73க்கு 27 என்று நிறைவேறியது. தெற்கு மாநிலங்களுக்கு வெளியே இருந்து வந்த 46 ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களில் எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர். அவர் பேர்ட்.

இதைக் காலத்தின் தவறு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அதே காலத்தில், அதே கட்சியில், அவரைப் போலவே தெற்குக்கு வெளியிலிருந்து வந்த 45 பேருக்குச் சரியானது எது என்று தெரிந்திருந்தது. அவருடைய மாநிலத்தின் மற்றொரு செனட்டரும் அந்த 45 பேரில் ஒருவர். 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டத்தையும் பேர்ட் எதிர்த்தார். 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகத் தர்குட் மார்ஷல் உறுதிசெய்யப்பட்டபோது எதிர்த்த 11 பேரில் அவரும் இருந்தார். தலைநகர் வாஷிங்டனின் வரவுசெலவைக் கவனிக்கும் துணைக் குழுவின் தலைவராக 1960களில் இருந்தபோது, அரசு உதவி பெறும் ஏழைக் குடும்பங்களை, பெரும்பாலும் கறுப்பினத் தாய்மார்களை, விசாரணை ஆட்களைக் கொண்டு துருவினார். தானும் தாயில்லாமல் வறுமையில் வளர்ந்தவர் என்பது அந்த நாட்களில் அவருக்கு நினைவிருக்கவில்லை போலும். வறுமையை அறிந்தவர் வறியவரிடம் இரக்கம் கொள்வார் என்று நாம் நம்ப விரும்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு இந்தப் பட்டியல் இடம்தரவில்லை.

*

மாற்றமும் இதே பட்டியலில்தான் தெரிகிறது. 1968இல் வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அதே ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங்கைக் கடுமையாக வசைபாடவும் செய்தார். 1983இல் கிங்கின் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் மசோதா வந்தபோது, இந்த அவையில் வேறு யாரைவிடவும் நான் இதற்கு வாக்களித்தாக வேண்டும் என்று தன் அலுவலர்களிடம் சொல்லி ஆதரித்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய பேரன் விபத்தில் இறந்திருந்தான். தன் பேரன்மீது தனக்கிருந்த அன்பே கறுப்பினத்தவருக்கும் தங்கள் பிள்ளைகள்மீது இருக்கும் என்ற எளிய உண்மை அந்தத் துயரத்தில்தான் உறைத்தது என்று பின்னர் சொன்னார். அறுபது வயதைக் கடந்த ஒருவருக்கு, ஒரு மரணத்துக்குப் பிறகு அது புலப்பட்டிருக்கிறது. அதுவரை எத்தனை வாக்குகள் அந்த அறியாமையோடு அளிக்கப்பட்டன என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

க்ளானில் சேர்ந்தது தவறு என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் நடந்ததை அழிக்க முடியாது என்பதே அவர் சொன்னதன் சாரம். 1964 வாக்குக்காகவும் வெளிப்படையாக வருந்தினார். ஆனாலும் 2001இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பழைய இழிசொல் அவர் வாயில் வந்தது, அதற்கும் மன்னிப்புக் கேட்டார். மனிதர் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. வருந்துகிறேன் என்பது வாயால் சொல்லக்கூடியது. சட்டமன்றத்தில் வாழ்ந்த ஒருவரிடம் அதற்குமேல் ஒன்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அடுத்த வாக்கில் அந்த வருத்தம் ஏதாவது விலை கொடுத்ததா என்பதே அந்தக் கேள்வி. 1983 வாக்கு அவருக்குப் பெரிய விலை கேட்கவில்லை. விலை கேட்ட வாக்குகள் பிறகு வந்தன.

*

அதற்கு முன் அவர் மக்களிடம் எப்படிப் பேசினார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆரம்பத் தேர்தல்களில் வயலின் வாசித்துக்கொண்டே வாக்குக் கேட்டார். அந்த மலைநாட்டுப் பாட்டுகள் 1978இல் இசைத்தட்டாகவும் வந்தன. மேற்கு வர்ஜீனியாவுக்கு நான்கே நண்பர்கள், கடவுள், சியர்ஸ் ரோபக் கடை, கார்ட்டர் மாத்திரை, ராபர்ட் பேர்ட் என்று மேடைகளில் சொல்வார். ஜனநாயகக் கட்சியின் செனட் தலைமைப் பதவியைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 1989இல் விட்டுவிட்டு, நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவரானார். தன் மாநிலத்துக்கு நூறு கோடி டாலர் கொண்டுவருவேன் என்றார், இரண்டே ஆண்டில் கொண்டுவந்துவிட்டார். நெடுஞ்சாலைகள், ஆய்வகங்கள், மருத்துவமனைகள், பாலங்கள், எஃப்பிஐயின் கைரேகை மையம் எல்லாம் மலைகளுக்குள் வந்தன. பலவற்றுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. பொதுப்பணத்தைச் சொந்த ஊருக்கு அள்ளிக்கொண்டு போகிறார் என்று கண்டனம் எழுந்தபோது அவர் கூசவில்லை. நாட்டின் உலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் நூறாண்டு நிலக்கரி கொடுத்த ஊருக்கு ஒரு நல்ல சாலை கேட்பதில் என்ன தவறு என்ற நியாயம் அவரிடம் இருந்தது. அந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். கட்டடங்களுக்குத் தன் பெயரை ஏற்றுக்கொண்டதை ஏற்கவில்லை. மக்களின் வரிப்பணத்தில் எழுந்த சுவரில் உறுப்பினரின் பெயர் ஏறும்போது உரிமை தயவாகிவிடுகிறது.

அவருடைய இன்னொரு முகம் அவையின் ஆசிரியர் முகம். சட்டைப் பையில் எப்போதும் அரசியல் சாசனத்தின் சிறு பிரதி இருக்கும். 1980இலிருந்து செனட்டின் வரலாற்றை உரை உரையாக அவையிலேயே நிகழ்த்தினார், அந்த வரலாறு நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. 1986இல் செனட் நடவடிக்கைகளைத் தொலைக்காட்சிக்குத் திறந்துவிடப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். மசோதாவின் தனித்தனி வரிகளை மட்டும் ஜனாதிபதி வெட்டி நீக்கும் அதிகாரம் பற்றிப் பேச்சு வந்தபோது, 1993இல் பண்டைய ரோமின் செனட் தன் நிதி அதிகாரத்தை எப்படி மெல்லமெல்ல இழந்து பேரரசர்களின் நிழலானது என்று 14 உரைகள் நிகழ்த்தினார். 1996இல் அந்தச் சட்டம் வந்தேவிட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். வழக்குத் தொடுக்க அவருக்குத் தகுதியில்லை என்று 1997இல் உச்ச நீதிமன்றம் அனுப்பிவிட்டது. மறு ஆண்டு வேறொரு வழக்கில் அதே சட்டம் 6க்கு 3 என்று செல்லாததாயிற்று.

அவருடைய நம்பிக்கை எளிமையானது. பணத்தையும் போரையும் தீர்மானிக்கும் அதிகாரம் மக்களின் பிரதிநிதிகளிடம் இருக்கிறது, அதை அவர்கள் தாமாகத் தூக்கிக் கொடுத்தாலொழிய யாராலும் பறிக்க முடியாது. இந்த நம்பிக்கையை அவரே ஒருமுறை மீறியிருந்தார். 1964 ஆகஸ்ட் 7இல், சிவில் உரிமை வாக்கு முடிந்து ஏழே வாரத்தில், டோங்கின் வளைகுடாத் தீர்மானம் வந்தது. வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த ஜனாதிபதி ஜான்சனுக்கு வரம்பில்லாத அனுமதி. 88க்கு 2 என்று நிறைவேறியது. வேய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் க்ரூனிங்கும் மட்டும் எதிர்த்தார்கள். பேர்ட் 88 பேரில் ஒருவர். அந்த ஒரு கோடையில் அளித்த இரண்டு வாக்குகளை அவர் வாழ்நாளெல்லாம் சுமந்தார்.

2002 அக்டோபரில் இராக் போருக்கு அனுமதி தரும் தீர்மானம் வந்தபோது அவருக்கு வயது 84. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஓராண்டே ஆகியிருந்தது, தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, அவருடைய மாநிலமோ பிள்ளைகளை ராணுவத்துக்கு மனமுவந்து அனுப்பும் மாநிலம். அவர் எழுந்து டோங்கின் வாக்கை நினைவுபடுத்தினார். அன்று தவறாக வாக்களித்தேன், அதே தவறை மறுபடி செய்யாதீர்கள் என்று மன்றாடினார். விவாதத்தை நீட்டிக்க முயன்று தோற்றார். 77க்கு 23 என்று தீர்மானம் நிறைவேறியது. 2003 பிப்ரவரியில், போர் தொடங்கச் சில வாரங்கள் இருந்தபோது, இந்த அவை ஏன் இப்படி மௌனமாக இருக்கிறது என்று வேதனையோடு கேட்ட உரை உலகெங்கும் பரவியது. வாழ்நாளில் அளித்த அத்தனை வாக்குகளிலும் இராக் எதிர்ப்பு வாக்கே தனக்குப் பெருமை என்று அவர் சொன்னார். தவறிய வாக்கு ஒன்று இன்னொரு வாக்குக்கு அறிவாக மாறியது இங்கே கண்முன் தெரிகிறது. 1964இல் அவருக்கு மோர்ஸின் வாதம் கேட்காமல் போயிருந்தது. 2002இல் அவரே மோர்ஸின் இடத்தில் நின்றார், அவருடைய வாதம் 77 பேருக்குக் கேட்கவில்லை.

*

நிலக்கரி விஷயம் இதைவிடக் கடினமானது, ஏனென்றால் அது அவருடைய சொந்த மண். 1997 ஜூலை 25இல் அவரும் இன்னொரு செனட்டரான சக் ஹேகலும் கொண்டுவந்த தீர்மானம் 95க்கு 0 என்று நிறைவேறியது. இந்தியா, சீனா போன்ற வளரும் நாடுகளையும் கட்டுப்படுத்தாத, அல்லது அமெரிக்கப் பொருளாதாரத்தைக் கடுமையாகப் பாதிக்கும் எந்தப் பருவநிலை ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது என்றது அது. அந்த ஆண்டு டிசம்பரில் உருவான கியோட்டோ ஒப்பந்தம் செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்பப்படவே இல்லை. பருவநிலை குறித்த உலக முயற்சியில் விழுந்த முட்டுக்கட்டைகளில் அது பெரியது. உலகம் அதன் விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2009 டிசம்பரில், அதே பேர்ட் தன் மாநில மக்களுக்கு ஒரு கட்டுரை எழுதினார். சுரங்கத் தொழிலாளர்களின் எண்ணிக்கை குறைந்ததற்கு இயந்திரங்களே முக்கியக் காரணம், சூழல் சட்டங்கள் அல்ல என்றார். நிலக்கரியின் எதிர்காலத்துக்கு ஆபத்து, மாற மறுக்கும் மனங்களிலும் குறைந்துவரும் இருப்பிலும்தான் இருக்கிறது, பருவநிலை அறிவியலை மறுப்பது மணலில் தலையைப் புதைப்பது என்றார். நிலக்கரி நிறுவனங்கள் பரப்பும் அச்சத்தில் மயங்காதீர்கள் என்றார். மேற்கு வர்ஜீனியாவில் பதவியிலிருக்கும் ஒருவர் இதைச் சொல்வது அன்று நினைத்துப் பார்க்க முடியாத காரியம். 2010 ஏப்ரல் 5இல் அவர் வளர்ந்த ராலே மாவட்டத்தின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 தொழிலாளர்கள் இறந்தார்கள். மாமாவைச் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த வீட்டில் வளர்ந்த கிழவர், செனட் விசாரணையில் அந்த நிறுவனத்தைச் சினத்தோடு சாடினார். ஜூன் 10இல், பசுங்குடில் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைச் சுற்றுச்சூழல் முகமையிடமிருந்து பறிக்கும் தீர்மானம் வந்தது. அதே மாநிலத்தின் மற்றொரு செனட்டர் தீர்மானத்தை ஆதரித்தார். பேர்ட் எதிர்த்தார். 47க்கு 53 என்று அது தோற்றது. பதினெட்டு நாளில் அவர் இறந்தார்.

இனி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்ற வயதில் வந்த துணிச்சல் எளிதானதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த உண்மையை 1997இலேயே சொல்லியிருந்தால் இன்னும் பயன்பட்டிருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இறக்கும் தறுவாயில் இருக்கும் அரசியல்வாதிக்கு மௌனமும் எளிதாகத்தான் இருக்கிறது. எட்டுமுறைக்கு மேல் தன்னைத் தேர்ந்தெடுத்த மக்களுக்குப் பிடிக்காத ஒன்றை, அவர்களுடைய பிள்ளைகளுக்காக, தன் கடைசி மாதங்களில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. 2008 மே மாதத்திலும் இதையே செய்தார். மேற்கு வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சியினர் ஹிலாரி கிளின்டனை 41 சதவீத வித்தியாசத்தில் வெல்ல வைத்த சில நாட்களிலேயே பராக் ஒபாமாவை ஆதரிப்பதாக அறிவித்தார். க்ளானுக்கு ஆள்சேர்த்த கை அது என்று நாடே நினைவுகூரும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

இன்னொரு செனட்டரான எட்வர்ட் (டெட்) கென்னடியுடனான உறவும் வாக்குகளால் ஆனதே. 1971 ஜனவரியில் கொறடா பதவிக்கான கட்சித் தேர்தலில் பேர்ட் அவரை 31க்கு 24 என்று தோற்கடித்தார். சிவில் உரிமையில் எதிரெதிர் கரையில் நின்ற இருவர் அடுத்த முப்பதாண்டுகளில் நண்பர்களானார்கள். கென்னடி 2009 ஆகஸ்டில் இறந்தார். அவர் வாழ்நாள் முழுக்கப் போராடிய மருத்துவக் காப்பீட்டு மசோதா டிசம்பர் 24 அதிகாலையில் செனட்டில் வாக்குக்கு வந்தபோது, சக்கர நாற்காலியிலிருந்த பேர்ட் தன் பெயர் வாசிக்கப்பட்டதும் இது என் நண்பர் டெட் கென்னடிக்காக என்று உரக்கச் சொல்லி ஆதரவளித்தார். 60க்கு 39. ஓர் உறுப்பினரின் ஆதரவு குறைந்திருந்தாலும் அந்த மசோதா வாக்கெடுப்புவரை வந்திருக்காது. நிலக்கரித் தூசு நுரையீரலில் படிந்து நோயுற்ற தொழிலாளர்களும் அவர்களுடைய விதவைகளும் உதவித்தொகை பெறுவதை எளிதாக்கும் சிறு பிரிவொன்றையும் அந்தச் சட்டத்தில் அவர் சேர்த்துவைத்தார். அவருடைய பெயரில் எழுந்த எல்லாக் கட்டடங்களையும்விட அந்தப் பிரிவை நான் மேலாக மதிக்கிறேன்.

*

கறுப்பின மக்களின் மூத்த உரிமை அமைப்பான என்ஏஏசிபி 2003-2004 காலத்தில் அவருடைய வாக்குகளுக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் கொடுத்தது. அவர் இறந்தபோது இரங்கலும் தெரிவித்தது. மன்னிக்கும் உரிமை அவர்களுடையது, அதை அவர்கள் பெருந்தன்மையோடு பயன்படுத்தினார்கள். வெளியிலிருந்து வாசிக்கும் நமக்கு அந்த உரிமை இல்லை. நமக்கு இருப்பது படிக்கும் கடமை மட்டும்.

படிக்கும்போது ஒன்றைக் கவனமாகச் செய்ய வேண்டும். பிந்தைய வாக்குகளால் முந்தையவற்றை ஈடுகட்டிக் கூட்டிக்கழித்துவிடக் கூடாது. 2009 வாக்கு 1964 வாக்கை அழிக்காது. வேறு 71 பேரின் உறுதியால் முடக்கம் உடைந்து சட்டம் நிறைவேறியது. பேர்டின் பதினான்கு மணி நேரம் வென்றிருந்தால் ஒரு தலைமுறையே உணவகத்திலும் பேருந்து நிலையத்திலும் இன்னும் தள்ளியே நிறுத்தப்பட்டிருக்கும். அந்தத் தலைமுறைக்கு அவருடைய முதுமையின் ஞானம் எந்த வகையிலும் உதவியிருக்காது. அதேபோல 1964ஐ மட்டும் வைத்துக்கொண்டு பின்வந்த நாற்பத்தாறு ஆண்டுகளைப் பார்க்க மறுப்பதும் பொய்யான வாசிப்பு. மாறியவரை மாறாதவராகவே நடத்தினால், நாளை வாக்களிக்கப் போகிற இன்னொருவருக்கு மாறுவதில் பயனில்லை என்று கற்றுக்கொடுத்தவர்களாவோம்.

பேர்டை இவ்வளவு விரிவாக எடைபோட முடிவதற்குக் காரணம், அவர் தன் கடந்த காலத்தை மறைக்கவில்லை என்பது மட்டுமல்ல. மறைக்க முடியாதபடி வாக்குகள் பெயரோடு பதிவாகியிருந்தன. பதிவு இல்லாத இடத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டிய தேவையே எழாது. கூட்டத்தின் குரலில் கரைந்துபோன வாக்குக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை, அதனால் யாரும் கற்றுக்கொள்வதும் இல்லை. மேடைப் பேச்சையும் கல்வெட்டுப் பெயரையும் வைத்து மக்கள் தங்கள் பிரதிநிதியைத் தீர்மானிக்கும் எந்த நாட்டிலும் இந்தக் குறை உண்டு. எனவே ஜனநாயகத்தில் குடிமக்கள் கேட்டுப் பெற வேண்டிய முதல் உரிமைகளில் இதையும் சேர்க்கிறேன்: எங்கள் பெயரால் அளிக்கப்படும் ஒவ்வொரு வாக்கும் அளித்தவரின் பெயரோடு எழுதிவைக்கப்பட வேண்டும், நாங்கள் அதைப் படிப்போம், அதற்கு அவர் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.